ஐடாஸ்காவுக்கு நாலு மணி நேரம் வண்டி ஓட்டிப் போறது வீணா?

கேள்வி, ஜூன் 2
ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்திருக்காங்க. மிசிசிப்பி ஆறு உற்பத்தியாகிற ஐடாஸ்கா பூங்காவைக் காட்டலாம்னு பார்த்தா, ஆபீஸ்ல ஒருத்தர் சிரிக்கிறாரு. "ஒரு ஏரி, அதோட ஓரத்துல நாலு கல்லு. தாண்டிட்டு போட்டோ எடுத்துட்டுத் திரும்ப வேண்டியதுதான். அதுக்கு மினியாபொலிஸ்ல இருந்து இவ்வளவு தூரமா?"ங்கிறாரு. பேசாம நயாகராவுக்கே டிக்கெட் போட்டுரவா? போனவங்க சொல்லுங்க.

ஜூன் 2, இரவு
காலையில கிளம்பி ராத்திரி திரும்புறதா இருந்தா ஆபீஸ்காரர் சொல்றதுதான் சரி. போக 220 மைல், வர 220 மைல், நடுவுல கல்லுகிட்ட இருபது நிமிஷம். அதுக்கு வீட்டுலயே இருக்கலாம்.

ரெண்டு ராத்திரி தங்குறதா இருந்தா அவர் சொல்றது தப்பு. அந்தக் கல்லுங்க பூங்காவோட ஒரு மூலைதான். மொத்தம் 32,000 ஏக்கருக்கு மேல. நூத்துக்கும் மேல ஏரி, குளம். மினசோட்டாவோட முதல் மாநிலப் பூங்கா, 1891ல ஆரம்பிச்சது. சட்டசபையில ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்துலதான் அந்தச் சட்டம் தப்பிச்சுது.

நயாகராவை விட்டுருங்கன்னு சொல்லல. ஆனா அங்க வேடிக்கை பார்க்கலாம், இங்க ஏதாவது செய்யலாம். ரெண்டும் வேற.

ஜூன் 3
"வயசானவங்களுக்குப் பிடிக்குமா?"ன்னு கேட்டிருக்கீங்க. எங்க வீட்டு அனுபவத்தைச் சொல்றேன், முடிவு நீங்க பண்ணுங்க.

அப்பாவுக்கு அம்பாசமுத்திரம். ஆறுன்னா மலையில இருந்து சத்தத்தோட இறங்கணும். பாணதீர்த்தம் பார்த்து வளர்ந்த மனுஷன். ஐடாஸ்கா ஏரியோட வடக்கு ஓரத்துல கொண்டுபோய் நிறுத்தினேன். பாறாங்கல் வரிசை, அதுக்கு இந்தப் பக்கம் முழங்கால் அளவு தண்ணி, பிள்ளைங்க விளையாடிட்டு இருக்கு. அஞ்சு நிமிஷம் பேசாம நின்னுட்டு, "சரி, ஆறு எங்க?"ன்னாரு. இதுதாம்ப்பான்னேன். "இது நம்ம வடக்குக் கோடைமேலழகியான் கால்வாய்ல கால்வாசி கூட இல்லையேடா!"

அம்மா வேற கட்சி. தலைக்காவிரியில மட்டும் என்ன கடலா இருக்கு, சின்னக் குளம்தானேன்னு கேட்டாங்க. செருப்பைக் கழட்டிட்டு இறங்கி, தண்ணியை அள்ளித் தலையில தெளிச்சுக்கிட்டாங்க. அப்புறம் சுத்திமுத்திப் பார்த்துட்டு, "இவ்வளவு பெரிய ஆத்துக்கு ஒரு பிள்ளையார் கூட வைக்கலையே இந்த ஜனங்க"ன்னு ஒரு அங்கலாய்ப்பு.

கவனிக்க: கல்லுங்க வழுக்கும், பாசி. முழங்கால் வலி உள்ளவங்க கல்லு மேல ஏறவே வேண்டாம். கொஞ்சம் கீழ மணல் பிடிப்பான இடத்துல தண்ணிக்குள்ளயே நடந்து கடந்துரலாம். பார்க்கிங்ல இருந்து அந்த இடம் வரைக்கும் நல்ல சமதளப் பாதை.

ஜூன் 3, கொஞ்ச நேரம் கழிச்சு
மேலே ஒருத்தர் "மனுஷன் கை படாத இடம், அப்படியே பாதுகாத்து வச்சிருக்காங்க"ன்னு எழுதியிருக்காரு. அப்படி இல்லைங்க. எல்லாரும் போட்டோ எடுக்கிற அந்த இடமே கட்டினதுதான். 1930களோட பொருளாதார மந்த காலத்துல, வேலையில்லாத இளைஞர்களுக்கு அரசாங்கம் காட்டு வேலை கொடுத்துச்சு. அப்பத்தான் ஏரி வாய்ல சேறும் சகதியுமா இருந்ததைச் சீர் பண்ணி, தாழ்வா ஒரு தடுப்பு கட்டி, கல்லை அடுக்கி, ஆத்தோட முதல் துண்டை நேராக்கினாங்க. அதுக்கு முன்னாடி இது மரம் வெட்டறவங்க கையில சீரழிஞ்சு கிடந்த இடம்.

அதுக்காக ஏமாத்திட்டாங்கன்னு அர்த்தமில்ல. நம்ம ஊர்ல படித்துறை கட்டலையா? இறங்க வசதி வேணும், கட்டினாங்க. "கை படாத" அப்படிங்கிறதை மட்டும் எடுத்துருங்க.

ஜூன் 4
கை பட்ட கதைன்னா மேரி கிப்ஸைச் சொல்லாம விட முடியாது. கல்லுகிட்ட இருக்கிற பார்வையாளர் மையத்துக்கு அந்தம்மா பேர்தான். உள்ள போய்ப் படிக்கிறவங்க கம்மி, கழிப்பறைக்குத்தான் கூட்டம்.

1903. பூங்கா பொறுப்பாளரா இருந்த அப்பா இறந்துபோறாரு. 24 வயசு மகளை அந்த வேலையில போடுறாங்க. அமெரிக்காவுலயே ஒரு மாநிலப் பூங்காவுக்குப் பொறுப்பா வந்த முதல் பெண். அப்ப மரக் கம்பெனிக்காரங்க வெட்டின மரத்தை ஆத்துல மிதக்க விட அணை கட்டித் தண்ணியைத் தேக்குவாங்க. தேங்கின தண்ணி ஏரிக்கரை மரங்களோட வேரை மூழ்கடிச்சுக் கொல்லுது. மதகைத் திறன்னு கேட்க இவங்க நேர்ல போறாங்க. அங்க நின்ன ஆள், மதகுல கை வச்சா சுட்டுருவேன்னு துப்பாக்கியைக் காட்டுறான். இவங்க கையை வச்சாங்க.

வேலையில இருந்தது சில மாசம்தான். பதவியில நீடிக்க விடல. பூங்கான்னு அறிவிச்சு எத்தனையோ வருஷம் கழிச்சும், 1919 வரைக்கும் உள்ள மரம் வெட்டு நடந்துச்சு. அறிவிப்புப் பலகை வேற, காப்பாத்துறது வேற. நமக்கு இது புதுசா என்ன.

ஜூன் 5
ஆத்தோட நீளம் 2,552 மைல்னு அங்க மரக் கம்பத்துல செதுக்கி வச்சிருக்கு, விக்கியில 2,340ன்னு இருக்கு, எது சரின்னு சண்டை போடுறவங்களுக்கு: அமெரிக்க அரசாங்கத்துலயே ஒவ்வொரு துறையும் ஒவ்வொண்ணு சொல்லுது. புவியியல் ஆய்வுத் துறை 2,300, சுற்றுச்சூழல் துறை 2,320. ஆறு வளைவை மாத்திக்கிட்டே இருக்கும், கழிமுகம் வளரும், அளக்கிறவங்க எந்தக் கோட்டை அளந்தாங்கங்கிறதைப் பொறுத்தது. போட்டோவுல 2,552தான் வரும். விடுங்க.

பிள்ளைங்களுக்குச் சொல்ல ஒரு கணக்கு: ஏரியில விழுற ஒரு துளி மெக்சிகோ வளைகுடா போய்ச் சேர ஏறக்குறைய 90 நாள். அப்புறம், இந்த ஆறு முதல்ல தெற்கே போகாது. வடக்கே பிமிட்ஜிங்கிற ஊருக்குப் போய், கிழக்கே திரும்பி, அதுக்கப்புறம்தான் தெற்கே நம்ம மினியாபொலிஸ் பக்கம் இறங்குது. பையன் நம்பல, திசைகாட்டி வச்சுப் பார்த்தான்.

ஜூன் 7
சைக்கிள். இதை முதல் பதிவுலயே எழுதியிருக்கணும், ஏன்னா ஐடாஸ்காவுல செய்ய வேண்டியது இதுதான்.

பூங்காவுக்குள்ளயே வாடகைக்குக் கிடைக்குது. தெற்குப் பக்கம் டக்ளஸ் லாட்ஜ் கிட்ட இருந்து (1905ல கட்டின மர விடுதி, திண்ணையில உட்கார்ந்து டீ குடிக்கலாம்) வடக்கே கல்லு வரைக்கும் ஆறு மைலுக்குக் கிட்டத்தட்ட தார் போட்ட தனிப் பாதை. கார் வராது. ஏரி மரத்துக்கு நடுவுல தெரிஞ்சும் மறைஞ்சும் வரும். அங்க இருந்து வந்த வழியே திரும்பலாம். இல்லேன்னா வைல்டர்னஸ் டிரைவ்னு 10 மைல் ஒருவழிச் சாலை, மேற்குப் பக்கக் காட்டுக்குள்ள சுத்தி வந்து சேர்த்துரும். மொத்தம் 16 மைல் வட்டம்.

வைல்டர்னஸ் டிரைவ்ல கார்களும் வரும், ஆனா மெதுவா வரும். ஏத்தம் இறக்கம் நிறைய. மூணாவது ஏத்தத்துல என் மனைவி சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிட்டு, "இது உல்லாசமா, வேண்டுதலா?"ன்னா.

ஜூன் 8
யோசிச்சுப் பார்த்தா, உங்க அப்பா அம்மாவைச் சைக்கிள்ல ஏத்த வேண்டாம். அந்தப் பத்து மைலையும் கார்லயே போங்க. அங்கங்க நிறுத்தறதுக்கு இடம் இருக்கு, ஒவ்வொண்ணுலயும் சின்ன நடை. ரொம்பப் பழைய ஒயிட் பைன் மரம் ஒண்ணு நிக்குது, அண்ணாந்து பார்த்தா கழுத்து வலிக்கும். ஏறக்குறைய 8,000 வருஷத்துக்கு முன்னாடி ஆளுங்க காட்டெருமையை வேட்டையாடின இடம் ஒண்ணு இருக்கு, சாலை போடத் தோண்டினப்ப எலும்பும் கல் ஆயுதமும் கிடைச்சுது. பார்க்க அங்க பலகைதான் இருக்கு, ஆனா எனக்கு அந்த இடத்துல நிக்கப் பிடிக்கும்.

நீங்களும் பிள்ளைங்களும் மட்டும் ஏய்ட்டன் ஹைட்ஸ் கோபுரத்துல ஏறுங்க. காட்டுத்தீ கண்காணிக்கக் கட்டின 100 அடி இரும்புக் கோபுரம். படிக்கட்டுக்கு நடுவுல சந்து தெரியும், காத்துல லேசா ஆடும். உயரம்னா பயம் உள்ளவங்க கீழயே நின்னு பையைப் பிடிச்சுக்கலாம். நான் பையைப் பிடிச்சுக்கிட்டேன்.

ஜூன் 9
உண்ணி பத்தி யாருமே எழுதல. ஜூன் மாசம்னா அதுதான் முக்கியம்.

ரெண்டு வகை. பெருசா வெள்ளைப் புள்ளியோட இருக்கிறது லைம் நோய் (உண்ணி கடிச்சுப் பரவுறது) தராது, அரிதா வேற நோய் தரலாம். எள்ளு மாதிரி சின்னதா இருக்கிற கருங்கால் உண்ணிதான் ஆபத்து. தோல்ல ஒட்டினவுடனே நோய் வந்துராது, பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல ஒட்டியிருக்கணும். அதனால ராத்திரி தூங்குறதுக்கு முன்னாடி பிள்ளைங்க உடம்பு முழுக்கப் பாருங்க. அக்குள், முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்னாடி, தலைமுடிக்குள்ள. இருந்தா சாமணத்தால தோலை ஒட்டிப் பிடிச்சு நேரா இழுத்துருங்க. தீக்குச்சி, எண்ணெய், சுண்ணாம்புன்னு வைத்தியம் வேண்டாம்.

பேன்ட்டைச் சாக்ஸுக்குள்ள சொருகிக்கோங்க, பார்க்க எப்படியோ இருக்கும், பரவாயில்ல. வீட்டுக்கு வந்ததும் துணியைத் துவைக்கிறதுக்கு முன்னாடியே டிரையர்ல அதிகச் சூட்டுல பத்து நிமிஷம் ஓட்டுங்க. தண்ணியில சாகாது, சூட்டுல செத்துரும்.

அம்மா சேலை கட்டிக்கிட்டுப் புல்லுல நடக்கப் போறேன்னு சொன்னா பாதையோட நடுவுலயே நடக்கச் சொல்லுங்க.

ஜூன் 12
"காடு காடுங்கறீங்க, அப்படி என்ன காடு, எல்லாம் ஒரே மாதிரி ஊசி மரம்தானே"ன்னு ஒருத்தர். இதுக்கு நீளமாத்தான் பதில் வரும்.

ப்ரீச்சர்ஸ் க்ரோவ்னு ஏரிக்குக் கிழக்கே ஒரு தோப்பு. ரெட் பைன் மரங்க, 250 வயசுக்கு மேல. கட்டபொம்மன் பிறக்கிறதுக்கு முன்னாடியோ, அதை ஒட்டியோ முளைச்சவை. கீழ ஒரு கிளை இருக்காது, செம்மண் நிறப் பட்டை, உச்சியில மட்டும் பச்சை. சாயங்காலம் அங்க போங்க.

அந்தத் தோப்பு எப்படி வந்துச்சுன்னா, தீயால. பழைய காட்டுத்தீ கீழ இருந்த சருகையும் புதரையும் எரிச்சு மண்ணை வெளியே காட்டுச்சு, வெயில் உள்ள வந்துச்சு, பைன் விதை முளைச்சுது. பெரிய ரெட் பைனுக்குப் பட்டை தடிப்பு, தரையோட ஓடுற தீ ஒண்ணும் பண்ணாது. அப்புறம் மனுஷங்க வந்து, தீயே கூடாதுன்னு அணைச்சுக்கிட்டே இருந்தாங்க. பல வருஷம் கழிச்சுப் பார்த்தா தாத்தா மரங்க இருக்கு, பேரன் மரமே இல்ல. புதர் மண்டி, நிழல் மூடி, விதைக்கு மண்ணே கிடைக்கல.

இன்னொரு பக்கம் மான். பூங்காவுக்குள்ள வேட்டை கூடாதுன்னு இருந்த காலத்துல மான் பெருகி, முளைச்ச கொஞ்சநஞ்சக் கன்னையும் தின்னுருச்சு. அப்புறம் வேட்டையை அனுமதிச்சாங்க. இப்ப பூங்காக்காரங்களே திட்டம் போட்டு அளவாத் தீ வைக்கிறாங்க. கரிஞ்ச அடிமரம் பார்த்தா பதறாதீங்க.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒண்ணு. இளம் பைன் கன்னுங்க உச்சியில துண்டுக் காகிதம் சுத்தி ஸ்டேப்ளர் அடிச்சிருக்கும். யாரோ குப்பையைக் குத்தி வச்சுட்டுப் போயிட்டாங்கன்னு நினைச்சு என் பையன் பிடுங்கப் போனான், ரேஞ்சர் ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே தடுத்தாரு. குளிர்காலத்துல மான் தின்னுறதே அந்த உச்சிக் குருத்தைத்தான். காகிதம் சுத்தினா விட்டுரும். இலையுதிர் காலத்துல ஒவ்வொரு கன்னுகிட்டயும் ஆள் போய்க் குனிஞ்சு அடிக்கணும். கன்னு மான் வாய்க்கு எட்டாத உயரம் வளர்ற வரைக்கும் வருஷா வருஷம்.

கை படாத காடாம்!

ஒரே மாதிரி ஊசின்னு சொன்னவருக்கு: கீழ கிடக்கிற கொத்தை எடுத்து எண்ணுங்க. அஞ்சு ஊசி இருந்தா ஒயிட் பைன். நீளமா ரெண்டு, வளைச்சா பட்டுனு ஒடிஞ்சா ரெட் பைன். குட்டையா முறுக்கிக்கிட்டு ரெண்டு இருந்தா ஜாக் பைன். பிள்ளைங்க அன்னைக்கு முழுக்க இதையே பண்ணும்.

ஜூன் 13
மீன் பிடிக்க லைசென்ஸ் வேணுமான்னா, மினசோட்டாவுல குடியிருக்கிறவங்க மாநிலப் பூங்காவுக்குள்ள கரையில நின்னு தூண்டில் போட லைசென்ஸ் வேண்டாம். ஊர்ல இருந்து வந்திருக்கிற அப்பாவுக்கு வேணும், அவர் இங்க குடியிருக்கிறவர் இல்ல. "நான் தூண்டியைப் பிடிக்கல, பையன்கிட்டதான் இருக்கு"ன்னு சொல்லிட்டு எங்க அப்பா பக்கத்துல உட்கார்ந்து யோசனை மட்டும் சொன்னாரு. கிடைச்சது உள்ளங்கை அளவு மீன், திரும்ப விட்டுட்டோம். அம்மாவுக்கு அதுல கோபம். ஒரு குழம்புக்கு ஆகும்னு ரெண்டு நாள் புலம்பல்.

தூண்டில் கயித்துல ஈயக் குண்டு வேண்டாம், தகரத்துலயோ டங்ஸ்டன்லயோ வாங்குங்க. லூன் பறவை அதை முழுங்கிச் சாகுது.

ஜூன் 14
லூன்னா என்னன்னு கேட்டவருக்கு. மினசோட்டாவோட மாநிலப் பறவை. கறுப்பு வெள்ளை, சிவப்புக் கண்ணு, தண்ணியில வாத்தை விடத் தாழ்வா மிதக்கும். கால் உடம்போட கடைசியில இருக்கிறதால முங்கி நீந்துறதுல சூரன், தரையில நடக்க ஆகாது. ராத்திரி கத்துச்சுன்னா முதல் தடவை கேட்கிறவங்களுக்கு வயித்தைக் கலக்கும். அம்மா என்னை எழுப்பி, "யாரோ பொம்பளை அழுறா, போய்ப் பாரு"ன்னாங்க. பறவைன்னேன். நம்பல. விளக்கு அணைக்க விடல.

ஜூன் 15
குளிக்கிறதைப் பத்தி: பீச் இருக்கு, ஆழம் மெதுவாத்தான் கூடும், உயிர்காப்பாளர் கிடையாது. வெளியே வந்ததும் துண்டால அழுத்தித் துடைச்சுருங்க, உடம்புல தண்ணி காய விடாதீங்க. நத்தையில இருந்து வர்ற ஒரு நுண்ணுயிர் தோல்ல அரிப்பு உண்டாக்கும், ஆபத்தில்ல, எரிச்சல்தான். தனியா கயாக், கனூ வாடகைக்குக் கிடைக்கும். வயசானவங்களுக்கு பாண்டூன் படகு நல்லது, திண்ணையில உட்கார்ந்த மாதிரியே ஏரியைச் சுத்தலாம்.

ஜூன் 21
"வெள்ளைக்காரன் கண்டுபிடிச்ச ஏரி"ன்னு எழுதினவருக்கு ஒரு திருத்தம். 1832ல ஹென்றி ஸ்கூல்கிராஃப்டை அங்க கூட்டிட்டுப் போனதே ஓசாவிண்டிப்ங்கிற அனிஷினாபே (ஓஜிப்வே) பூர்வகுடித் தலைவர்தான். வழி தெரிஞ்சவர் வழிகாட்டி, பின்னாடி போனவர் கண்டுபிடிப்பாளர்! அதுக்கப்புறம் 1881ல வில்லர்ட் கிளேசியர்னு ஒருத்தர் வந்து, பக்கத்துல இருக்கிற எல்க் ஏரிதான் நிஜமான ஊத்துன்னு சொல்லி அதுக்குத் தன் பேரையே வச்சாரு. அந்தத் தகராறைத் தீர்க்க அளக்கப் போன ஜேக்கப் ப்ரவர், மரம் வெட்டு நெருங்குறதைப் பார்த்துட்டுத்தான் பூங்காவுக்காகப் போராட ஆரம்பிச்சாரு. கிளேசியரோட பொய்யாலதான் இந்தக் காடு தப்பிச்சதுன்னு கூடச் சொல்லலாம், கொஞ்சம் இழுத்துப் பிடிச்சா.

ஜூன் 30
ஷோவி லேடிஸ் ஸ்லிப்பர் பூத்திருக்குன்னு நண்பர் படம் அனுப்பினாரு. வெள்ளையும் இளஞ்சிவப்புமா செருப்பு வடிவத்துல ஒரு ஆர்க்கிட், மாநில மலர். முதல் பூ விட 16 வருஷம் கூட ஆகலாம். பறிக்கிறது சட்டப்படி குத்தம். தலையில வைக்க ஒண்ணே ஒண்ணுன்னு அம்மா கேட்பாங்க. கூடாது.

ஜூலை 6
கேள்வி கேட்டவர் திரும்ப வந்துட்டாரு, நயாகராவும் போயிட்டு வந்துட்டாராம். சந்தோஷம். ஐடாஸ்காவுக்கு எப்ப போகலாம்னு இப்ப கேட்கிறாரு.

முதல்ல ஜூலைன்னுதான் சொல்ல நினைச்சேன், தண்ணி இதமா இருக்கும்னு. ஆனா கொசு. சாயங்காலம் வெளியில உட்கார முடியாது. உங்க ஆளுங்களை வச்சுப் பார்த்தா செப்டம்பர் நடுவுல இருந்து கடைசி வரைக்கும்தான் நல்லது. கொசு ஓய்ஞ்சிருக்கும், ஆஸ்பெனும் மேப்பிளும் நிறம் மாறும், பைன் பச்சையாவே நிக்கும். குளிக்க முடியாது, ராத்திரி குளிரும், அப்பாவுக்கு மங்கி குல்லா எடுத்துக்கோங்க.

கேம்ப் இடம் 120 நாளுக்கு முன்னாடியே முன்பதிவு திறந்துருது, அதனால செப்டம்பர் வார இறுதி இந்நேரம் போயிருக்கும். வார நாள் பாருங்க, இல்லேன்னா யாராவது ரத்து பண்றாங்களான்னு தினமும் காலையில பாருங்க. அதுவும் இல்லேன்னா பார்க் ராப்பிட்ஸ் ஊர்ல அறை எடுங்க, அங்க இருந்து பூங்கா 71ஆம் நெடுஞ்சாலையில வடக்கே 20 மைல்தான். வண்டிக்கு நாள் அனுமதி வாங்கணும். உள்ள போன் சிக்னலை நம்பாதீங்க, வரைபடத்தை முன்னாடியே இறக்கி வச்சுக்கோங்க.

ஜூலை 7
விறகை வீட்டுல இருந்து கொண்டு போகக் கூடாது. ஆஷ் மரத்தைத் துளைக்கிற வண்டு விறகோடதான் ஊர் ஊராப் போகுது. அங்கயே விக்கிறாங்க.

சாப்பாடு: குக்கர் எடுத்துட்டுப் போங்க, வெட்கப்படாதீங்க. நாங்க கேம்ப் அடுப்புல சாம்பார் சாதம் பண்ணினோம், பக்கத்து டென்ட்காரர் விசில் சத்தம் கேட்டு ஓடி வந்தாரு, ரெண்டு தட்டு சாப்பிட்டுட்டுப் போனாரு. ஊருக்குத் திரும்புற வழியில வைல்ட் ரைஸ் வாங்குங்க. ஓஜிப்வே ஜனங்க கனூவுல போய்க் குச்சியால தட்டி எடுக்கிற ஏரி நெல், செப்டம்பர்லதான் புதுசு வரும். வயல்ல பயிரிட்டதும் அதே பேர்ல விக்கும், அது மலிவு, பளபளன்னு கறுப்பா இருக்கும். ஏரியில எடுத்தது வெளிறின பழுப்பு, சீக்கிரம் வேகும், வாசனை. அம்மா அதுல பொங்கல் வச்சாங்க. குழையல, மிளகு மட்டும் எடுப்பா இருந்துச்சு. புளிக்குழம்புக்கு நல்லா சேருது.

கருங்கரடி உண்டு, ஆளைத் தேடி வராது, சாப்பாட்டைத் தேடி வரும். ராத்திரி எல்லாத்தையும் காருக்குள்ள பூட்டுங்க. ஊறுகாய், தேங்காய் எண்ணெய், அம்மாவோட கோடாலித் தைலம், கழுவின குக்கர் உட்பட.